ஓலைக்கொட்டான் சொன்ன சாட்சி

அண்ணன் மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பெயர் முடிவாகிவிட்டது. ஞானத்தாய், ஞானத்தந்தை யார் என்பதும் முடிவாகிவிட்டது. பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. எல்லாம் வந்து நின்றது ஓரிடத்தில்தான்: ரிட்டர்ன் கிஃப்ட். திருநெல்வேலியில் ஒரு கடையில் விலை கேட்டு வந்திருந்தாள். குழந்தையின் பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டி, உள்ளே நாலு சாக்லேட், ஒரு குட்டி தேவதை பொம்மை. ஒன்று 85 ரூபாய். 150 பேருக்கு 12,750. மாப்பிள்ளைக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒண்ணும் குடுக்காம விட்டா என்ன நெனப்பாங்க சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

என் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கொட்டான் மொடஞ்சு கற்கண்டு போட்டுக் குடுத்தா போச்சு. ஒங்க பெரிய ஆச்சிக்கு அப்படித்தான் குடுத்தாவ. அந்தக் கொட்டான்தான் பெறவு அவ கல்யாணத்தையே நடத்தி வச்சுது" என்றாள்.

எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அண்ணன் மகளுக்குத் தெரியாது. பெரியம்மா பிறந்தது 1944-இல். சண்டைக்காலம், சீனிக்குத் தட்டுப்பாடு. பனையேறிகள் இருந்த ஊர் என்பதால் பனங்கற்கண்டு மட்டும் கிடைத்திருக்கிறது. தாத்தா குருத்தோலையில் சின்னச் சின்னக் கொட்டான்களாக முடைந்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கற்கண்டு போட்டு, ஞானஸ்நானம் முடிந்து கோயிலைவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். 24 வருஷம் கழித்து பெரியம்மாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் பங்கில் ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த வருஷத்துப் பக்கங்கள் கறையானுக்குப் போயிருந்தன. தாத்தா இறந்துவிட்டார். ஞானத்தந்தையும் இல்லை. ஞானத்தாய் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து எந்த விலாசத்தில் இருக்கிறார் என்றே தெரியாது. பங்குச்சாமியார், வீட்டாள் அல்லாத ஒருத்தர் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்.

வந்தவர் மேலவீட்டக்கா. 1944-இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. சாமியார் முன்னால் ஓலைக்கொட்டான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாளாம். அதில் ஊசியும் நூல்கண்டும் இருந்தன. "இதுலதான் சாமி அன்னைக்கு எனக்குக் கற்கண்டு குடுத்தாவ. தலையில தண்ணி ஊத்தினதும் பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு" என்றாள். சாமியார் எழுதிக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

இது ஏதோ ஒரு நல்ல மனசுள்ள சாமியார் செய்த சலுகை என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும், இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 876-ஆவது விதியாகவும் அது உண்டு. யாருக்கும் பாதகம் இல்லையென்றால், ஞானஸ்நானம் நடந்ததை நிரூபிக்க ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும். காகிதம் அழிந்தாலும் ஆள் போதும். அந்த ஆளுக்கு நினைவிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகுதான், ஞானஸ்நான வீட்டில் வந்தவர்கள் கையில் ஏன் எதையாவது கொடுத்து அனுப்புகிறார்கள் என்ற கேள்வி எனக்குள் வேறு மாதிரி திரும்பியது. 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்ற சொல் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. நீ மோதிரம் போட்டாய், இந்தா உனக்குப் பதிலுக்கு ஒரு பெட்டி என்கிற கணக்கு அது. பழைய வழக்கங்களைப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

கிரேக்கர்களிடம் இது வெளிப்படையாகவே இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம் முடிந்ததும் வந்திருக்கிற ஒவ்வொருவரின் சட்டையிலும் சின்ன ரிப்பன் ஒன்றைக் குத்துவார்கள். அதில் பொட்டு அளவுக்கு ஒரு சிலுவை தொங்கும். வீட்டில் உட்கார்ந்து ரிப்பன் வெட்டி, ஊசி கோத்துச் செய்துவிடக்கூடிய பொருள். அதன் பெயர் 'மார்த்திரிக்கா'. 'மார்த்திரஸ்' என்றால் சாட்சி. குத்திக்கொண்டவர் இந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி என்று பொருள். ஆங்கிலத்தில் தியாகியைக் குறிக்கும் 'மார்ட்டர்' இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள் சாட்சி இருப்பது மறந்துவிட்டது. நம் பழைய கிறிஸ்தவத் தமிழ் மறக்கவில்லை. 'வேதசாட்சி' என்றே சொன்னது. சிறுவயதில் ஜெபப் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து, கோர்ட்டுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பியிருக்கிறேன்.

கோர்ட்டுக்கு உண்மையிலேயே சம்பந்தம் இருந்தது, இடைக்கால இங்கிலாந்தில். அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் வாரிசு மைனராக இருக்கும்போது செத்துப்போனால், நிலமும் பிள்ளையும் அரசனின் காப்புக்குப் போய்விடும். பையனுக்கு 21 வயது ஆனதை நிரூபித்தால்தான் சொத்து கைக்கு வரும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். எனவே அரசு அதிகாரி ஒருவர் அக்கம்பக்கத்து ஆட்கள் 12 பேரைக் கூட்டி ஒவ்வொருவரிடமும் கேட்பார்: இவன் எப்போது பிறந்தான், எங்கே ஞானஸ்நானம் பெற்றான்? அதைவிட முக்கியமாக, அது உனக்கு எப்படி நினைவிருக்கிறது? 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரையான இந்த விசாரணைப் பதிவுகள் இன்றும் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படிக்கப் படிக்க ஊர்த் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒருவர் அன்றைக்குக் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஒருவர் அதே வாரம் மனைவியைப் புதைத்தார். ஒருவர் கோயிலுக்கு மெழுகுவர்த்தி தூக்கிப் போனார், ஒருவர் கைகழுவும் கிண்ணியைக் கொண்டுபோனார். இன்னொருவருக்குப் பிள்ளையின் தகப்பன் அன்றைக்கு ஒரு பரிசு கொடுத்தான். அதனால் நினைவிருக்கிறது.

இவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். பல பதில்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு விசாரணையில் சொன்ன காரணம் அடுத்ததில் சொல் மாறாமல் வரும். எழுத்தர் பழைய காகிதத்தைப் பார்த்து எழுதியிருப்பார். ஆனால் எனக்கு அதுதான் இன்னும் பெரிய தடயமாகப் படுகிறது. பொய்யாகச் சொன்னாலும் நம்பும்படி இருக்க வேண்டுமே. "அன்றைக்கு எனக்கு ஒன்று கொடுத்தார்கள், அதனால் மறக்கவில்லை" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டுவார் என்கிற அளவுக்கு அது ஊரறிந்த காரணமாக இருந்திருக்கிறது. மேலவீட்டக்கா சொன்னதும் இதே வாக்கியம்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க நினைவிலிருந்து காகிதத்துக்கு மாறியது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டுமென்று ஆணையிட்டார். பிரான்சில் அடுத்த வருஷமே அரசாணை வந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும்படி பங்குச்சாமியார்களுக்குச் சொன்னது. நம் கடற்கரைக்கு இந்த மாற்றம் வந்து சேர்வதற்குள் பிரான்சிஸ் சேவியர் இங்கே ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துவிட்டது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் புத்தகம் எங்கே வைத்து எழுதுவது? ஒவ்வொருவருக்கும் அவரவருடைய புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகச் சொல்கிறார். அன்றைக்கு அந்த மீனவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது அது ஒன்றுதான்.

புத்தகம் வந்த பிறகு சாட்சிக்குத் தேவை குறைந்தது. கையில் கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்து வழக்கம். பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகும்போது வீட்டில் ஒரு பொட்டலம் கட்டுவார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியோ பிஸ்கட்டோ, கொஞ்சம் பாலாடைக்கட்டி, கூடவே ஒரு நாணயம். வழியில் முதலில் எதிர்ப்படுகிற ஆளுக்கு அதைக் கொடுக்க வேண்டும். ஆண் பிள்ளையென்றால் பெண்ணுக்கு, பெண் பிள்ளையென்றால் ஆணுக்கு. வாங்கியவர் மறுக்கக் கூடாது. திரும்பிக் கொஞ்ச தூரம் கூட நடந்து பிள்ளையை வாழ்த்த வேண்டும். 'கிறிஸனிங் பீஸ்' என்று பெயர். கிளாஸ்கோ, எடின்பரோ தெருக்களில் இருபதாம் நூற்றாண்டிலும் இது இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் ரொட்டிக்குப் பதில் கேக் துண்டு.

சகுனம் பார்க்கிற நமக்கு இது சட்டென்று விளங்கும். எதிரே வருவது யார் என்று பயந்து ஒதுங்குகிற வழக்கத்தை இவர்கள் தலைகீழாக்கியிருக்கிறார்கள். யார் வந்தாலும் சரி, பிடி ரொட்டியை, இன்று முதல் இந்தப் பிள்ளை உனக்கும் தெரிந்த பிள்ளை. விருந்தாளிப் பட்டியலில் இல்லாத ஒருவருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் மொய் எழுதவில்லை, பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

இந்த எளிய ரொட்டிக்குப் பக்கத்திலேயே பணக்காரப் பாதை ஒன்றும் வந்துகொண்டிருந்தது. அது சீனியின் பாதை. இன்றைக்கு ஞானஸ்நானப் பரிசு என்றால் இத்தாலியிலும் பிரான்சிலும் சீனி பூசிய பாதாம்தான். வலைத்துணியில் முடிந்து கொடுப்பார்கள். இத்தாலியில் ஐந்து பாதாம் கணக்கு. ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. கிரேக்கர்களும் ஒற்றைப்படையில்தான் முடிவார்கள், இரண்டாகப் பிரியக் கூடாதென்று. இத்தாலியில் சுல்மோனா என்ற சிறு ஊரும் பிரான்சில் வெர்தன் நகரும் இதற்குப் பேர்போனவை. இரண்டு ஊரிலும் இன்றைக்கும் நடக்கிற பழைய மிட்டாய் நிறுவனங்கள், பெலினோவும் பிராக்கியேயும், ஒரே வருஷத்தைத் தங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன: 1783.

வெர்தன் பாதாமுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1792-இல் புரட்சிக்கால பிரான்சின் மேல் படையெடுத்த பிரஷ்ய அரசன் அந்த நகரைப் பிடித்தபோது ஊர்ப்பெண்கள் சிலர் அவனுக்கு இந்த மிட்டாயைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நகரம் திரும்பக் கைமாறியது. விசாரணை வந்தது. 1794-இல் அவர்களில் பலர் கில்லட்டினில் தலையிழந்தார்கள். மிட்டாய் இங்கேயும் சாட்சி சொன்னது, வேறு பக்கத்துக்காக.

சீனி முதலில் மருந்துக்கடைச் சரக்கு. பாதாமோ சோம்போ உள்ளே வைத்து மேலே சீனி பூசி, சாப்பிட்டபின் செரிப்பதற்காகக் கொடுத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வசதியான வீட்டு ஞானஸ்நானத்தில் இந்தச் சீனி விதைகளும் மசாலா கலந்த வைனும் வரும். அதை வீட்டிலேயே செய்ய முயன்றவர்களும் இருந்தார்கள். ஹியூ பிளாட் என்பவர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று எழுதிய கைப்புத்தகத்தில் முறை விரிவாக இருக்கிறது. இரண்டு காதுள்ள பித்தளைச் சட்டியைக் கயிற்றில் கட்டி, கீழே தணல் வைத்துத் தொங்கவிட வேண்டும். விதைகளைப் போட்டு, சீனிப்பாகை ஒரு கரண்டி ஊற்றிக் கையால் புரட்டிக் காயவிட வேண்டும். பிறகு இன்னொரு கரண்டி. இப்படி அடுக்கடுக்காக. ஒரு நாள் வேலை, கை வெந்துபோகிற வேலை.

படித்தபோது எனக்கு நாக்கில் ருசி வந்துவிட்டது. நம் சீரக மிட்டாய்! ஓட்டல் கல்லாவில் கிண்ணத்தில் வைத்திருக்கிற கலர் சோம்பு! செய்முறையின் தத்துவம் ஒன்றேதான். விதையைச் சூட்டில் உருட்டிக்கொண்டே பாகைச் சன்னமாக ஏற்றுவது. சுல்மோனாவில் பட்டுத்துணியில் முடிந்து தருகிற மிட்டாயின் ஒன்றுவிட்ட தம்பி நம்மூர்ப் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கிறான்.

சீனி மலிந்ததும் ஏழைவீட்டுப் பிள்ளைக்கும் சீனிப் பாதாம் எட்டியது. பிரான்சின் கிராமங்களில் கோயில் வாசலில் ஞானத்தந்தை சீனிப் பாதாமையும் சில்லறையையும் அள்ளி வீச, தெருப்பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். மெக்சிகோவில் ஞானத்தந்தையிடம் பிள்ளைகள் காசு வீசச் சொல்லிக் கத்துவது இன்றும் உண்டு. சீனி எப்படி மலிந்தது? ஒரு காரணம் பீட்ரூட். 1747-இல் பெர்லினில் மார்க்கிராஃப் அதிலிருந்து சீனி எடுக்கலாமென்று காட்டினார். பிரிட்டிஷ் கப்பல்களால் கரும்புச் சீனி வராமல் போக, 1811-இல் நெப்போலியன் அதைப் பயிரிடச் சொன்னார். இன்னொரு காரணம் தோட்டத்தில் வெட்டுண்ட மனிதர்கள். முதலில் அடிமைகள். 1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தபின் ரெயூனியன் தீவின் கரும்புக்காடுகளுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் நம் ஆட்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860 உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்கள் நடத்தப்பட்ட விதம் கேள்விக்குள்ளாகி 1882-இல் பிரிட்டிஷ் அரசு அனுப்புவதை நிறுத்தியது. அங்கே அவர்களுடைய பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்று பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்றும் 'மல்பார்' என்று அழைக்கப்படுகிற அந்தக் குடும்பங்கள் பலவற்றில் கோயில் பூசையும் உண்டு, தீமிதியும் உண்டு. ஊர்ப்பெயர் போய்விட்டது, பாஷை போய்விட்டது. அவர்களுடைய பூர்வீகத்தைத் தேடுகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது தோட்ட முதலாளிகளுக்காக எழுதப்பட்ட பதிவேடுகள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். குருத்தோலை கட்டாக வாங்கி வந்தோம். ஈர்க்கைக் கிழித்து நீக்கி, வெயிலில் ஒருநாள் காயவைத்து, முடைகிற முன்னால் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கத் தெரிந்த அண்ணன் மகளுக்கு ஓலை கையில் நின்றது. எனக்கு நிற்கவில்லை. நான் போட்ட நாலு கொட்டானும் ஒருபக்கம் சாய்ந்தன. அம்மாவுக்கு விரலில் வீக்கம், ஆனாலும் ஒரு நாளைக்கு இருபது முடைந்தாள். பனங்கற்கண்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை. சீனி கிடைக்காதபோது அதற்கு மாற்றாக வந்தது இன்றைக்குக் கலப்படமில்லாமல் வேண்டுமென்றால் சீனியைப்போல் பலமடங்கு விலை. ஆளுக்கு இரண்டு கற்கண்டு போதும் என்று தீர்மானித்து மீதியைச் சீரக மிட்டாயால் நிரப்பினோம். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் நாள் ராத்திரி 150 கொட்டானும் கூடத்தில் பாயில் பரப்பியிருந்தது. அண்ணன் மகளுக்கு இன்னும் சமாதானமில்லை. "பேரே இல்லாம மொட்டையா இருக்கே ஆச்சி. கடையில பேர் அச்சடிச்சுத் தர்றாங்க" என்றாள்.

"எழுதிப் போடேன் அப்போ" என்றாள் அம்மா. "மேல எழுதாத. உள்ள அடியில எழுது. மிட்டாயத் தின்ன பெறவு தெரிஞ்சா போதும். தேதியையும் எழுது."

பால்பாயிண்ட் பேனா ஓலையில் வழுக்கியது. மார்க்கர் தேடி எடுத்தோம். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து குழந்தையின் பெயரையும் தேதியையும் எழுதி முடிக்கும்போது மணி ஒன்று. என்னுடைய சாய்ந்த கொட்டான்களை அம்மா தனியாக எடுத்து வைத்தாள். அவை விருந்தாளிகளுக்கு இல்லையாம், காலையில் கோயில் வாசல் பெருக்க வருகிற அம்மாவுக்கும் அவள் பிள்ளைகளுக்குமாம்.